பதினேழாம் நம்பர் கல்

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சாலையின் டூல்ரூமிலிருந்து ஒருவர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். எங்கேயோ பழைய சாமான் கடையில் தீட்டுக்கல் ஒன்று வாங்கியிருக்கிறார். அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, இது என்ன கல் என்று கேட்டார். "நீங்க பார்த்த உடனே சொல்லிடுவீங்களாமே சார்" என்றார். முதலில் கழுவுங்கள், கழுவி உலர்த்திய பிறகு கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், போட்டோ பார்த்துச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் குரல் இறங்கிப்போயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு இவ்வளவு பிகுவா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஆனால் அவருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், ஐடிஐ படித்தேன், இரண்டு வருஷம் அப்ரண்டிஸாக இருந்தேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் அச்சுகள் செய்யும் ஒரு சின்ன தொழிற்சாலையில் சேர்ந்தேன். டூல்ரூமில் கருவிகளைக் கொடுத்து வாங்குவதும், அவற்றைப் பழுது பார்ப்பதும் என் வேலை. அதோடு கற்களும் என் தலையில் வந்து விழுந்தன.

அச்சை மெஷினில் அரைத்து முடித்த பிறகும் அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நிற்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கெட்டியான, நைசான, இயற்கையாகப் பூமியில் வெட்டியெடுத்த வெள்ளைக் கல் வேண்டும். அது வெளிநாட்டுச் சரக்கு. அந்தக் காலத்தில் புதிதாக வாங்க எங்கள் முதலாளியால் ஆகாது. ஆகவே பாடியிலும் குமணன்சாவடியிலும் உள்ள பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்திருப்பார். ஏதாவது பழைய ஒர்க்ஷாப்பை மூடி ஏலம் விட்டால், துருப்பிடித்த அரங்களோடும் ஒடிந்த டிரில்களோடும் கற்களும் கோணிப்பையில் வந்து சேரும். பையைக் கொட்டினால் எல்லாம் ஒரே மாதிரி கரிக்கட்டையாக இருக்கும். எது நல்லது, எது குப்பை என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

பழைய கல்லின் மேல் இருப்பது வெறும் அழுக்கு அல்ல. இருபது முப்பது வருஷமாக ஊற்றிய எண்ணெயும், தேய்ந்த இரும்புத் தூளும் சேர்ந்து காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். கத்தியால் சுரண்டினால் கல்லில் கோடு விழும், மூங்கில் சில்லால்தான் சுரண்ட வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வேண்டும். இதற்காகவே ஒரு பீப்பாயைப் பாதியாக வெட்டி, உள்ளே கம்பி வலைத் தட்டு ஒன்று வைத்திருந்தேன். ஊறிய கல்லை எடுத்து வெதுவெதுப்பான நீரில் வாஷிங் சோடா கலந்து தேங்காய் நாரால் தேய்ப்பேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சில கற்கள் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஆரம்பத்தில் அப்படி இரண்டைக் கொன்றிருக்கிறேன். அப்புறம் நிழலில் உலர்த்த வேண்டும். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால்தான் அதன் சொந்த நிறம் தெரியும்.

அடையாளம் காண்பது அதற்கப்புறம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஃபாக்டரியில் செய்த கல் சட்டென்று குடித்துவிடும், கெட்டியான இயற்கைக் கல்லின் மேல் சொட்டு அப்படியே நிற்கும். வெயிலில் திருப்பினால் கருங்கல் மாதிரி இருப்பது மினுமினுக்கும், அது கார்போரண்டம், ஃபாக்டரிக் கல். வாயால் ஊதிவிட்டு முகர்ந்தால் சில கற்களில் மழை பெய்த மண் வாசனை வரும், அவை பூமியில் வெட்டியவை. விரல் கணுவால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும், உள்ளே விரிசல் இருந்தால் மொத்தென்று சொல்லும். வெள்ளைக் கல்லிலேயே உயர்ந்த சாதி ஒன்று உண்டு. அதன் ஓரத்தை பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். அப்படி ஒன்று என் முப்பத்தாறு வருஷ வேலையில் ஒரே ஒரு தடவைதான் கைக்கு வந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தேறிய கற்களுக்கு, குறுகிய முனையில் வைரமுனைப் பேனாவால் நம்பர் போடுவேன். நம்பர் போட்டால் அது கம்பெனிக் கல். நாலைந்து வருஷத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான் என்றார்கள். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்தும் கல்லைக் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் கழுவாமலே, கையில் தூக்கிப் பார்த்து, நகத்தால் ஒரு கீறல் கீறிச் சொல்ல ஆரம்பித்தேன். பத்துக்கு ஒன்பது சரியாகவே இருந்தது. அந்த ஒன்பது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஃபோர்மேன் தாமோதரன் சார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. மேஜையில் ஒரு தாளை நடுவில் மடித்து வைத்திருப்பார். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். வலது பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' தவிர வேறு எதையும் அவர் எழுதியதில்லை. நாம் போய் நின்று ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் தலை நிமிரமாட்டார். பேனா மட்டும் வலது பக்கத்துக் காலி இடத்தின் மேல் நிற்கும். அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசப் பேச நம் பேச்சு தானாகச் சுருங்கி ஒரு வார்த்தையில் வந்து நிற்கும். எழுதிக்கொண்டு, "சரி, போங்க" என்பார். வேலை வேகமாக நடந்தது. அவர் காலத்தில் ஒரு அச்சு தாமதமாகப் போனதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழுமலை எங்களோடு அச்சுக்கு விளிம்பு தீட்டும் வேலையில் இருந்தான். அண்ணனூர்க்காரன். அவன் வீட்டில் அப்பா, தாத்தா எல்லோரும் கழனியில் கூலிக்கு உழைத்தவர்கள். கழனியெல்லாம் மனையாகிவிட்ட பிறகு, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி கேட்டுக்குள் அட்டை காட்டி நுழைந்தவன் இவன்தான். அதில் அவனுக்குப் பெருமை. சாப்பாட்டு நேரத்தில்கூடச் சட்டையிலிருந்து அட்டையைக் கழற்றமாட்டான். என்னைவிட நாலு வயது சின்னவன். "அண்ணாத்தே, உன் கல்லுங்க எல்லாம் உன் பேச்சைத்தான் கேக்குது, பொண்டாட்டி கேக்குதா?" என்று என்னைச் சீண்டுவான். கை சுத்தம். அவன் தீட்டிய விளிம்பில் விரல் வைத்தால் வெட்டியது அப்புறம்தான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை அவன் என்னிடம் வந்து, குமணன்சாவடிக் கடையில் ஒரு கல் கிடைத்தது, ஒரே கறுப்பாக இருக்கிறது, ஆனால் கனம் ஒரு மாதிரியாக இருக்கிறது, கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறாயா என்று கேட்டான். கொண்டு வா, பார்க்கலாம் என்றேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது புதிதாக இரண்டு கோணி கல் வந்து குவிந்திருந்தது. அவன் கேட்டதை மறந்தே போனேன்.

நான் வந்த மூன்றாம் நாள் தாமோதரன் சார் கருவி அலமாரியைச் சரிபார்த்தார். பதினேழாம் நம்பர் கல் இல்லை. அது எங்களிடம் இருந்த வெள்ளைக் கற்களில் ஒன்று, ஆறு அங்குல நீளம், ஒரு மூலை உடைந்தது. கடைசியாகத் திரும்பி வந்ததாகப் பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். பேனா வலது பக்கத்தின் மேல் நின்றது. "உங்க பொறுப்புல இருந்ததா, இல்லையா?" என்றார். இருந்தது சார் என்றேன். அவர் எழுதினார். அந்த ஒரு வார்த்தை என் பெயருக்கு எதிரே தாளில் ஏறியது.

அன்று ஷிஃப்ட் முடிவதற்கு முன்னால் எல்லோருடைய கருவிப் பெட்டியையும் திறக்கச் சொன்னார். ஏழுமலை பெட்டியில் துணி சுற்றிய ஒரு கல் இருந்தது. வெள்ளையா கறுப்பா என்று சொல்ல முடியாத அளவுக்குப் பிசின் ஏறிய கல். ஆறு அங்குலம், ஒரு மூலை உடைந்தது. எங்கள் வழக்கப்படி சொந்தக் கருவி எதைக் கொண்டுவந்தாலும் கேட்டில் வாட்ச்மேனிடம் எழுதிவிட்டுத்தான் வர வேண்டும். அவன் எழுதவில்லை. காட்டிவிட்டு எடுத்துப்போகிற கரிக்கட்டைதானே என்று விட்டிருக்கிறான்.

கல்லைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டு ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். ஏழுமலை எதிரே நின்றான். "அண்ணாத்தே, நான் சொன்னேன் இல்ல, அந்தக் கல்லுதான் இது" என்றான். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அவன் கேட்டதும், நான் கொண்டு வா என்றதும் எல்லாம் ஞாபகம் வந்தது. அடையாளம் தெரியாமலிருக்க கிரீஸ் பூசியிருக்கிறான் போலிருக்கிறது என்றார் ஃபோர்மேன். நான் கல்லைக் கையில் எடுத்தேன். கனம் வெள்ளைக் கல்லின் கனம்தான். மூலையும் உடைந்திருந்தது. கீழே வைத்துவிட்டு என் விரல்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. புதிதாகப் பூசிய கிரீஸ் என்றால் விரலில் ஒட்டியிருக்கும். இது பல வருஷப் பிசின். வாராவாரம் உபயோகத்தில் இருந்த எங்கள் கல்லில் அப்படிப் பிசின் ஏற வழியே இல்லை. கல் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

முனையில் மண்ணெண்ணெய் தொட்டு மூங்கில் சில்லால் சுரண்டினால் நம்பர் இருக்கிறதா என்று கால்மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஏழுமலை அதைத்தான் கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை.

"ஒரு தபா கழுவிட்டுப் பாருண்ணா."

பேனா வலது பக்கத்துக் காலி இடத்தின் மேல் நின்றது. கல் கிடைத்துவிட்டால் என் பெயருக்கு எதிரே ஏறிய வார்த்தை ஒன்றுமில்லாமல் போகும். கிடைக்காவிட்டால் அது என்னோடு நிற்கும். இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பதினேழாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நிச்சயம்.

"கழுவ வேண்டியதில்ல. கையில எடுத்தாலே எனக்குத் தெரியும். இது நம்ம கல்லுதான்" என்றேன்.

ஃபோர்மேன் எழுதினார். ஏழுமலை என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ தேவலை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அவனைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். கேட்டில் அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

கல் என் அலமாரிக்கு வந்தது. உபயோகிக்க வேண்டுமே, ஊறப் போட்டேன். கழுவினேன். நாலாம் நாள் காலை உலர்ந்து கிடந்ததை எடுத்து முனையைத் திருப்பினேன். நம்பர் இல்லை. நம்பர் போட்டு அழித்த தடமும் இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தேன். வெளிச்சம் ஓரத்தில் புகுந்து தேன் நிறத்தில் மறுபக்கம் வந்தது. எங்கள் பதினேழு நல்ல கல்தான், ஆனால் அதில் வெளிச்சம் புகாது. இப்படிப்பட்ட கல்லை அதுவரை நான் பார்த்ததில்லை. ஏழுமலையின் கை அதன் கனத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

கல்லை எடுத்துக்கொண்டு ஃபோர்மேனிடம் போனேன். போனதென்னவோ உண்மை. சார், ஏழுமலை கல் விஷயமாக என்று ஆரம்பித்தேன். அவர் தலை நிமிரவில்லை. "பதினேழு அலமாரியில இருக்கா, இல்லையா?" என்றார். பேனா காத்திருந்தது. நான் கையிலிருந்த கல்லைப் பார்த்தேன். "இருக்கு சார்" என்றேன். "சரி, போங்க" என்றார்.

திரும்பி வந்து வைரமுனைப் பேனாவை எடுத்தேன். அந்தக் கல்லின் முனையில் பதினேழு என்று நானே போட்டேன். அது கெட்டிக் கல். எண் லேசில் விழவில்லை, அழுத்தி அழுத்திப் போட வேண்டியிருந்தது.

ஏழு வருஷம் எங்கள் தொழிற்சாலை அந்தக் கல்லில் அச்சு தீட்டியது. விளிம்பு பிரமாதமாக வருகிறது என்று வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். ஏழுமலைக்கு எஸ்டேட்டில் வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. ஒரு கேட்டில் நடப்பது மறுநாளே அடுத்த கேட்டுக்குத் தெரிந்துவிடும். பாடியில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறான் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கவும் செய்தேன். முதுகு குனிந்து சுமையோடு போய்க்கொண்டிருந்தான். பஸ் சிக்னலில் நின்றது. நான் இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. அதுவரை மேலே தெளிந்ததை வடித்து உபயோகிப்பேனே தவிர, அடிக்கசடை எடுத்ததில்லை. பீப்பாயை வெளியே உருட்டி வெட்டினோம். கசடு செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மண்வெட்டியால் தட்டியபோது கணீரென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். எடுத்துச் சுரண்டினேன். முனையில் என் கையெழுத்தில் பதினேழு இருந்தது. காய்ச்சலுக்கு முந்தின சனிக்கிழமை, எண்ணெய் அடைத்துப்போயிருந்த அந்தக் கல்லை ஊறப் போட்டது நானேதான். தட்டு சாய்ந்து கசடுக்குள் இறங்கியிருக்கிறது. அவன் திருடவில்லை என்று ஏழு வருஷமாகத் தெரியும். கல்லைத் தொலைத்தது நான்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கேயே கசடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மண்ணெண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

தாமோதரன் சார் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புது ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது, இருந்தாலும் ஏழுமலையின் கல்லை எடுத்துப்போகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கற்களையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணனூர் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அப்போது ஏழுமலை ரயில்பெட்டி கழுவும் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றான், பிறகு உள்ளே வா என்றான். அவன் மனைவி கோவிந்தம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது.

பீப்பாயில் கல் கிடைத்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு கற்களையும் பெஞ்சின் மேல் வைத்தேன். கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏழுமலை பெஞ்சின் பக்கம் குனிந்தான். கழுவிய பிறகு அவன் பார்த்தேயிராத தன் கல்லைச் சரியாக எடுத்தான். உடைந்த மூலையில் கட்டைவிரலை வைத்துத் தடவினான்.

"அன்னிக்கு இத்தக் கேக்கத்தான் எட்த்துகினு வந்தேன். இது இன்னா கல்லுண்ணா?"

இது வெள்ளைக் கல்லிலேயே உயர்ந்தது, என் வாழ்நாளில் நான் பார்த்த கற்களில் இதுதான் முதல், வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்றேன். அவன் வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தான். வெளிச்சம் உள்ளே வந்தது. அவன் முகம் மலர்ந்தது. அந்தப் பழைய ஏழுமலை ஒரு கணம் அங்கே நின்றான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போது முனை அவன் கண்ணில் பட்டது.

"இதுமேல இன்னா நம்பரு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஃபோர்மேன் போட்டார் என்றால் முடிந்திருக்கும். நான்தான் போட்டேன் என்றேன். எப்போது என்று கேட்டான். நீ போன அந்த வாரமே, கழுவிப் பார்த்த பிறகு என்றேன்.

நம்பர் மேல் விரலை வைத்தான். "அப்போ உனுக்குத் தெரியும்" என்றான். குரல் உயரவே இல்லை. கல்லை என் கையில் திருப்பி வைத்தான். "உன் நம்பர அழிச்சிட்டுக் குடு."

வீட்டில் தடித்த கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு அந்த முனையைத் தேய்த்தேன். வேலை முடித்து வந்து தினமும் தேய்த்தேன். அழுத்திப் போட்ட எண் அல்லவா, ஆறு நாள் ஆயிற்று. ஒன்று முதலில் போனது. ஏழின் மேல்கோடு கடைசிவரை நின்றது. என் மனைவி என்னவென்று கேட்டாள். அவளிடமும் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அண்ணனூர் போனேன். ஏழுமலை வாசலுக்கு வந்தான். கல்லை வாங்கி முனையைத் தடவிப் பார்த்தான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. தலையை ஆட்டினான். கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டான்.

உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன்.